நாலு சக்கரமும் சுழலும். நாலும் தெரிந்தவர் ஓட்ட வேண்டும்!

திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் பிரயாணம் செய்தவர்கள் அந்தக் காட்சியை மறக்க மாட்டார்கள். யாரோ ஒரு ராட்சதன் கூடை கூடையாகக் கல்லைக் கொண்டு வந்து சமவெளியில் கொட்டிவிட்டுப் போனதைப் போல, பாறை மேல் பாறை அடுக்கிய குன்றுகள் தென்படும். நடுவே பனை மரங்கள், மல்லாட்டைக் கொல்லைகள், ஊருக்கு ஊர் ஏரிகள். செஞ்சி வட்டத்தைச் சேர்ந்த வல்லம் சுற்று வட்டாரம் முழுவதும் இப்படித்தான். கோடை வந்தால் ஏரிகள் வற்றிவிடும். உள்வாய் வெடித்துக் கிடக்கும். ஆடு மாடுகள் அங்கே மேயும்.

அப்படிப்பட்ட ஓர் ஏரிக்கரையின் அடியில், ஞாயிற்றுக்கிழமை காலை, புத்தம் புதிய ஜீப் வண்டி ஒன்று வந்து நிற்பதாக வைத்துக் கொள்வோம். நான்கு சக்கரங்களும் யந்திர பலத்தால் சுழலும் வண்டி. ஓட்டுபவர் இளைஞர். எதிரே ஓர் ஆள் உயரத்துக்கு மேல் மண் கரை. கரைக்கு அப்பால் மைதானம் போல் விரிந்த காய்ந்த ஏரி.

கரை மீது ஏற முடியுமா? தாராளமாக முடியும். வண்டியைச் செய்ததே அதற்காகத்தான்.

ஏறலாமா?

இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர்தான் உண்மையான ஓட்டுநர். 'ஆஃப் ரோடு' என்று சொல்லப்படும், சாலையை விட்டு இறங்கிச் செல்லும் பிரயாணம் நம் நாட்டில் நாளுக்கு நாள் பெருகி வருகிறது. வண்டிகள் பெருகிவிட்டன, ஆர்வலர்களும் பெருகிவிட்டார்கள். அந்தக் கேள்வியும் அதே அளவுக்குப் பெருக வேண்டும் என்பதுதான் காரியம்.

போரில் பிறந்த வண்டி

1940-ம் ஆண்டு. ஹிட்லரின் படைகள் ஐரோப்பாவில் நாடு நாடாகப் புகுந்து கொண்டிருந்தன. அமெரிக்க ராணுவத்துக்குக் கவலை பிடித்தது. சேற்றிலும் மணலிலும் போகக் கூடிய, கனமில்லாத, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி ஒன்று அவசரமாக வேண்டும். 135 கம்பெனிகளுக்குக் கடிதம் போயிற்று. மாதிரி வண்டிக்குக் கொடுத்த கெடு 49 நாட்கள்!

கெடுவுக்குள் செய்து காட்டியது பாண்டம் என்ற சிறிய கம்பெனி ஒன்றுதான். கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற என்ஜினீயர் அதற்குப் படம் வரைந்து கொடுத்தார். 1940 செப்டம்பர் 23-ந் தேதி அந்த வண்டி ராணுவப் பரிசோதனைக்குப் போய் நின்றது. ஆனால் லட்சக்கணக்கில் வண்டி செய்யும் வசதி பாண்டத்துக்கு இல்லை. வில்லிஸ், ஃபோர்டு கம்பெனிகள் அந்த வேலையைப் பெற்றன. யுத்தம் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகள் உலகமெங்கும் ஓடின.

இந்தியாவில் 1947-ல் மகிந்திரா கம்பெனி பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளின் பாகங்களை வரவழைத்துப் பூட்டத் தொடங்கியது. பாலம் இல்லாத ஆறு, ரோடு இல்லாத கிராமம், மலைத் தோட்டம் எங்கும் ஜீப் புகுந்தது.

பி.டி.ஓ. ஜீப்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஜீப் என்றால் ஒரு காலத்தில் அரசாங்கம் என்று அர்த்தம். 1952 அக்டோபர் 2-ந் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் ஆரம்பமாயிற்று. வட்டார வளர்ச்சி அதிகாரியான பி.டி.ஓ. ஜீப்பில் வந்து இறங்குவார். விதை, உரம், கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் அந்த ஜீப்போடு வந்தன. பிறகு பஞ்சாயத்து யூனியன்கள் ஏற்பட்டன. வல்லம் அப்படி ஒரு யூனியனுக்குத் தலைமை இடம்.

அந்த ஜீப்புகள் வண்டிப் பாதையில் போயின, ஓடைக்குள் இறங்கி ஏறின. காரணம், வேறு வழி இல்லை. சாலை இல்லாததால் சாலையை விட்டுப் போனார்கள். இன்று நிலைமை தலைகீழ். கிராமங்களுக்குத் தார்ச் சாலை வந்துவிட்டது. நல்ல சாலை இருக்கும்போதே அதை விட்டு இறங்குவது ஒரு பொழுதுபோக்காகி இருக்கிறது.

இதில் தவறு ஒன்றும் இல்லை. சேற்றில் சிக்கிய வண்டியை யுக்தியாக வெளியே கொண்டு வருவதில் இருக்கும் ஆனந்தம், கபடியில் எதிராளியின் பிடியிலிருந்து நழுவி வருவதில் இருக்கும் ஆனந்தத்துக்குக் குறைந்தது அல்ல. எந்த விளையாட்டுக்கும் ஒரு களம் உண்டு, கோடு உண்டு என்பதை மறந்தால்தான் வம்பு.

பெருகி வரும் கூட்டம்

1985-ல் மாருதி ஜிப்சி வந்தது. ராணுவத்திலும் போலீசிலும் பேர் பெற்ற வண்டி. 2010-ல் மகிந்திராவின் 'தார்' வந்தது. ராஜஸ்தான் பாலைவனத்தின் பெயர் அது. 2020 அக்டோபர் 2-ந் தேதி அதே பெயரில் முற்றிலும் புதிய வண்டி விற்பனைக்கு வந்தபோதுதான் கூட்டம் பெருகியது. அதன் முதல் வண்டி தரும காரியத்துக்காக ஏலம் விடப்பட்டு, 1 கோடியே 11 லட்சம் ரூபாய்க்குப் போயிற்று! 2023-ல் மாருதியின் ஜிம்னி வந்தது. 2024-ல் ஐந்து கதவுகள் கொண்ட தார் வந்தது.

முன்பெல்லாம் இத்தகைய வண்டி வைத்திருப்பவர் தோட்ட முதலாளியாகவோ, பழைய ராணுவ ஜீப்பை வாங்கித் தாமே பழுது பார்க்கும் பித்தராகவோ இருப்பார். இன்று அலுவலகத்தில் வேலை பார்க்கும் இளைஞரும், குடும்பத்தோடு செல்பவரும், பெண்களும் ஓட்டுகிறார்கள். சென்னை, கோயமுத்தூர், பெங்களூர், கோட்டயம் போன்ற நகரங்களில் ஆர்வலர்கள் சங்கம் கூடி ஞாயிறுதோறும் புறப்படுகிறார்கள். 2014 முதல் கோவாவில் மழைக்காலத்தில் 'மழைக்காட்டுச் சவால்' என்ற கடும் பந்தயமும் நடந்து வந்திருக்கிறது. அந்தப் பந்தயத்தின் தாயகம் மலேசியா.

விழுப்புரம் மாவட்டத்துக்காரர்கள் அறிய வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. புதிய தார் வண்டியின் யந்திர நுட்பங்கள் உருவான ஆராய்ச்சி நிலையம், திண்டிவனத்திலிருந்து சென்னை செல்லும் சாலையில் செங்கற்பட்டை அடுத்து இருக்கிறது. செஞ்சிக்கு வடக்கே செய்யாற்றுப் பக்கம் 454 ஏக்கரில் அதே கம்பெனியின் பரிசோதனைக் களம் இருக்கிறது. மேடு, பள்ளம், சேறு, செங்குத்துச் சரிவு என்று விதவிதமான தடங்களை அங்கே வெட்டி வைத்திருக்கிறார்கள். வண்டியைச் செய்பவர்களே அதைச் சோதிக்க வேலி போட்ட தனி இடம் வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். யாருடைய ஏரிக்கரையிலும் அவர்கள் ஏறவில்லை!

சக்கரத்தின் சூட்சுமம்

சாதாரண மோட்டார் காரில் யந்திரத்தின் பலம் இரண்டு சக்கரங்களுக்குத்தான் போகும். அவற்றில் ஒன்று சேற்றில் இறங்கினால் போச்சு. பலம் முழுவதும் வழுக்கும் சக்கரத்துக்கே ஓடி, அது வெறுமனே சுற்றும். தரையில் ஊன்றிய மற்றது சும்மா நிற்கும். வளைவில் வண்டி சுலபமாகத் திரும்புவதற்காக வைத்த 'டிஃபரன்ஷியல்' என்ற அமைப்பு, சேற்றில் இப்படிச் சத்துருவாக மாறுகிறது.

ஜீப் வகை வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் பலம் போகிறது. சிலவற்றில் டிஃபரன்ஷியலைப் பூட்டி இரு சக்கரங்களையும் சேர்ந்தே சுழலச் செய்யலாம். 'லோ கியர்' என்ற இன்னொரு வசதியும் உண்டு. அதைப் போட்டால் வேகம் குறையும், இழுவை பெருகும். ஏர் மாடு நடப்பது போல வண்டி நிதானமாக நடக்கும். இறக்கத்தில் பிரேக்கை அழுத்த வேண்டியதில்லை. யந்திரமே பிடித்துக் கொள்ளும்.

வண்டிக்கு உடல் அமைப்பும் முக்கியம். தார் வண்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து 226 மில்லி மீட்டர் உயரம். முன்புறம் சுமார் 41 டிகிரி சரிவு வரை பம்பர் மோதாமல் ஏறும். 650 மில்லி மீட்டர், அதாவது இரண்டடிக்குச் சற்று மேல், தண்ணீரில் இறங்கும்.

அனுபவசாலிகள் டயரில் காற்றைக் குறைப்பார்கள். சாலையில் 30 பவுண்டுக்கு மேல் இருக்கும் காற்றை மணலில் 20 பவுண்டுக்கும் கீழே இறக்குவது உண்டு. டயர் பரந்து தரையைத் தழுவும். ஒட்டகத்தின் பாதம் மணலில் புதையாது, மாட்டின் குளம்பு புதையும் அல்லவா? அதே தத்துவம்தான். சாலைக்குத் திரும்பியதும் மறக்காமல் காற்றை நிரப்ப வேண்டும். மறந்தால் வேகத்தில் டயர் சூடேறி வெடிக்கும்.

கற்றுக்குட்டிக்கும் கைதேர்ந்தவருக்கும் வித்தியாசம் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். கற்றுக்குட்டி ஆக்ஸிலேட்டரை மிதித்து மண்ணை வாரி வீசுவார். சக்கரம் குழி தோண்டிக் கொண்டு இறங்கும். கைதேர்ந்தவர் முதலில் வண்டியை விட்டு இறங்கி நடந்து பார்ப்பார். மண்ணைக் காலால் அழுத்திப் பார்ப்பார். பிறகு சத்தமே இல்லாமல் கடந்து போவார். அவர் போன இடத்தில் தடம்கூட அதிகம் இருக்காது. திறமைக்கும் பொறுப்புக்கும் இதைவிட நெருங்கிய உறவு வேறு எங்கும் கிடையாது.

மண் மறக்காது

1942-ல் அமெரிக்க ஜெனரல் பாட்டன், கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் தம் படைகளுக்குப் பயிற்சி முகாம் அமைத்தார். 1944-ல் முகாம் மூடப்பட்டது. யுத்தம் முடிந்தது, வீரர்கள் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் டாங்கிகள் ஓடிய தடம் 80 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த மண்ணில் அழியாமல் தெரிகிறது!

ஐஸ்லாந்து தேசத்தில் சாலையை விட்டு வண்டியை இறக்குவதே சட்ட விரோதம். அங்கே எரிமலைப் பாறை மீது படரும் பாசி, ஒரு தடவை சக்கரத்தில் நசுங்கினால் மீண்டும் முளைக்கப் பல பத்தாண்டுகள் ஆகும்.

வல்லத்தில் பாலைவனமும் இல்லை, எரிமலையும் இல்லை என்று சொல்லலாம். ஆனால் ஏரிக்கரை இருக்கிறது. மண்ணைக் கொட்டி, மிதித்து, தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த கரை. சக்கரம் ஏறி இறங்கிய இடத்தில் புல் கருகி மண் தளரும். ஒரு வெட்டு விழும். முதல் மழை அந்த வெட்டில் வழியும். அடுத்த மழை அதை அகலமாக்கும். ஒரு வண்டி போன தடத்திலேயே பத்து வண்டிகள் போகும். தடம் வாய்க்காலாகும். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பும்போது தண்ணீர் எந்த இடத்தைத் தேடும் என்று விவசாயியைக் கேட்டால் சொல்வார்.

அதே மாவட்டத்தில், கடலோரம், ஆரோவில் இருக்கும் செம்மண் மேடு இதற்குச் சாட்சி. மரம் போன மேட்டை மழை அரித்துப் பெரும் பள்ளங்களாக்கியது. 1968-க்குப் பிறகு அங்கே குடியேறியவர்கள் வரப்பு வரப்பாகக் கரை கட்டி, மரம் நட்டு, அந்த மண்ணைப் பிடித்து நிறுத்தப் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள்.

காய்ந்த ஏரியில் ஒன்றும் இல்லை என்று நினைப்பதும் தவறு. ஆள்காட்டிக் குருவி கூடு கட்டுவதில்லை. கோடையில் வெட்ட வெளித் தரையில், கூழாங்கல் நடுவே, கல்லைப் போலவே புள்ளி போட்ட முட்டைகளை இடும். பெரும்பாலும் நாலு முட்டை. ஆள் நெருங்கினால் தாயும் தந்தையும் தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தும். நடந்து போகிறவர் அந்தக் கூக்குரலைக் கேட்டு ஒதுங்கிப் போகலாம். வண்டிக்குள் பாட்டைப் போட்டுக் கொண்டு போகிறவருக்கு எப்படிக் கேட்கும்?

புறம்போக்கு யாருடையது?

"அது புறம்போக்குதானே, யார் கேட்பார்கள்?" என்று சிலர் சொல்வது உண்டு. யாருக்கும் சொந்தம் இல்லாதது என்று புறம்போக்குக்கு அர்த்தம் அல்ல. ஊர் முழுவதற்கும் சொந்தம் என்று அர்த்தம். ஏரிப் புறம்போக்கு தண்ணீருக்கு. மேய்க்கால் புறம்போக்கு மாட்டுக்கு. கிராம வரைபடத்தில் வண்டிப் பாதை என்று தனியே குறித்திருக்கும். மாட்டு வண்டி போகும் அந்தப் பாதைதான் ஜீப்புக்கும் பாதை. அதை விட்டு ஒரு முழம் இறங்கினாலும் அது யாரோ ஒருவரின் மல்லாட்டைக் கொல்லை.

விழுப்புரம் மாவட்டத்தில் சக்கரமே படக் கூடாத இடங்கள் பல உண்டு. மரக்காணம், வானூர் வட்டங்களில் பரவிக் கிடக்கும் கழுவேலி, 5,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட உவர் நீர்ப் பரப்பு. 2021-ல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024-ல் ராம்சார் ஒப்பந்தப்படி சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாகச் சேர்ந்தது. வெகு தூரத்திலிருந்து வரும் பறவைகள் அங்கே இரை தேடுகின்றன. தண்ணீர் வற்றிய சேற்றுத் தரை, வண்டி ஓட்டுபவருக்கு மைதானம், பறவைகளுக்கு அன்னசத்திரம்!

திருவக்கரையில் கல்லாகிப் போன மரங்கள் கிடக்கின்றன. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. 1781-ல் சோனரா என்ற பிரெஞ்சு அறிஞர் அவற்றைப் பற்றி எழுதினார். அந்த நிலத்தில் மேலே தெரிவது கொஞ்சம், மண்ணுக்குள் இருப்பது அதிகம். செஞ்சிக் கோட்டையோ 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்ந்துவிட்டது. கீழ்வாலை முதலிய இடங்களில் பாறை மீது ஆதி மனிதர் தீட்டிய செந்நிற ஓவியங்கள் இருக்கின்றன. இந்தப் பக்கத்தில் எந்தப் பாறையையும் வெறும் பாறை என்று நினைத்துவிட முடியாது.

காப்புக் காடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வனத்துறையின் அனுமதி இல்லாமல் உள்ளே புகுவது குற்றம். சரணாலயங்களுக்கு 1972-ம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காவல் இருக்கிறது.

அபராதம் கட்டிய சூரர்கள்

2022 ஜூனில் லடாக்கின் நூப்ரா பள்ளத்தாக்கில், ஹுண்டர் என்ற இடத்து மணல் மேடுகளில் ஒரு சுற்றுலாப் பயணி வண்டியை ஓட்டினார். போலீசார் 50,000 ரூபாய் கட்ட வைத்தார்கள். 2023 டிசம்பரில், இமாசலப் பிரதேசத்தில் சாலை நெரிசலைத் தவிர்க்க ஒருவர் தம் தார் வண்டியைச் சந்திரா நதிக்குள்ளேயே இறக்கி ஓட்டிப் போனார். யாரோ எடுத்த படம் நாடெங்கும் பரவியது. அபராதச் சீட்டும் வந்தது. இவர்கள் சாமர்த்தியசாலிகள் என்று பேர் வாங்கவில்லை. மற்ற ஆர்வலர்கள்தான் இவர்களால் தலை குனிந்தார்கள்.

வண்டியை இஷ்டப்படி மாற்றுவதற்கும் வரம்பு உண்டு. பெரிய டயர், உயர்த்திய ஸ்பிரிங், முன்னால் இரும்புக் கிராதி என்று அலங்காரம் செய்வது பலருக்கு ஆசை. ஆனால் வண்டியின் அடிப்படை அமைப்பைத் தயாரிப்பாளர் கொடுத்ததற்கு மாறாக ஆக்கக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. இரும்புக் கிராதி சட்ட விரோதம் என்று மத்திய அரசு 2017-லேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதினால் நடந்து போகிறவருக்கு ஆபத்து; வண்டிக்குள் இருக்கும் காற்றுப்பை சரியாக விரியாமல் போகவும் கூடும்.

தனியே போகாதே!

நல்ல சங்கங்களில் முதலில் கற்றுத் தரும் பாடம், ஒற்றை வண்டியில் போகாதே என்பது. ஒன்று சிக்கினால் மற்றொன்று இழுக்கும். மகாராஷ்டிரத்தில் இகத்புரி அருகே இதற்கென்றே பயிற்சிப் பள்ளி நடத்தியிருக்கிறார்கள். எங்கு பயின்றாலும் பாலபாடம் ஒன்றுதான்.

செங்குத்தான சரிவில் நேராக ஏறு, நேராக இறங்கு. குறுக்கே திரும்பினால் வண்டி உருளும். ஏற முடியாமல் நின்றால் பதறாமல் ரிவர்ஸ் கியரில் வந்த வழியே இறங்கு. ஸ்டீயரிங் வளையத்துக்குள் கட்டை விரலை நுழைக்காதே. சக்கரம் கல்லில் மோதித் திடீரென்று சுழன்றால் விரல் ஒடியும். இழுவைக் கயிறு இறுகி நிற்கும்போது அதன் அருகே ஒருவரும் நிற்கக் கூடாது. அறுந்த கயிறு சாட்டையாக வந்து அடிக்கும். மரத்தில் கட்டி இழுப்பதானால் மெல்லிய கம்பியைச் சுற்றாமல் அகலமான பட்டையைச் சுற்று. இல்லாவிட்டால் பட்டை உரிந்து மரம் சாகும்.

இரண்டாவது பாடம், ஊராரைக் கேள் என்பது. ஏரி ஓரம் ஆடு மேய்க்கும் பெரியவரிடம், "ஐயா, இந்தப் பக்கம் வண்டி போகுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். "வேண்டாம் தம்பி, மேலே காஞ்சாப்ல தெரியும், உள்ளே சேறு. அப்படியே வண்டிப் பாதையில போ" என்பார். எந்த யந்திரத்திலும் இல்லாத ஞானம் அது. பத்து வண்டி புழுதி கிளப்பிக் கொண்டு ஊருக்குள் நுழைந்து, களத்தில் காயும் தானியத்தின் மேல் மண்ணை வாரி இறைத்துவிட்டுப் போனால், பதினோராவது வண்டிக்கு அந்த ஊரில் குடிக்கத் தண்ணீர்கூடக் கிடைக்காது.

அமெரிக்காவிலும் இதே தொல்லை வந்தது. அங்கே வனத்துறையே 1985-ல் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. 'மெல்ல மிதி' என்பது அதன் பெயரின் பொருள். குறித்த தடத்தில் போ, பிறர் உரிமையை மதி, போகுமுன் விவரம் தெரிந்து கொள், மென்மையான இடங்களைத் தவிர், கெட்டதைச் சீர் செய் என்ற ஐந்தும் அதன் கொள்கைகள். ஐந்தும் வல்லத்துக்கும் பொருந்தும்.

கொழுக்குமலையின் பாடம்

ஒழுங்கு இருந்தால் ஜீப் ஊரை வாழ வைக்கும் என்பதற்குக் கொழுக்குமலை ஓர் உதாரணம். தேனி மாவட்டத்தைச் சேர்ந்த அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு, கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான் ஜீப் பாதை ஏறுகிறது. 7,000 அடிக்கு மேல் சூரியோதயம் பார்க்க ஜனங்கள் விடியற்காலையில் புறப்படுகிறார்கள். பாதை முழுவதும் கல்லும் குழியும். ஆனால் ஒவ்வொரு கல்லும் அந்த ஊர் ஓட்டுநர்களுக்கு மனப்பாடம். வண்டிகள் ஒரே தடத்தில் ஏறி ஒரே தடத்தில் இறங்குகின்றன. தேயிலைச் செடிக்குள் ஒருவரும் வண்டியை விடுவதில்லை. அதுதான் அவர்களுக்குச் சோறு.

ஆயினும் கட்டுப்பாடு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் அதே இடுக்கி மாவட்டம் காட்டியது. 2025 ஜூலையில் மூணாறு அருகே ஜீப் கவிழ்ந்து ஒரு பயணி உயிரிழந்தார். மாவட்ட நிர்வாகம் ஜீப் சவாரிகளைத் தடை செய்தது. பாதுகாப்பு நிபந்தனைகள் விதித்த பிறகே மீண்டும் அனுமதித்தது. ஒரு வண்டியின் தவறு நூறு குடும்பத்தின் அடுப்பை அணைத்துவிடும்.

வெள்ளம் வந்த நாளில்

இந்தப் பொழுதுபோக்கினால் நாட்டுக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு 2018-ம் ஆண்டு பதில் சொல்லியது. கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, ஜீப் ஆர்வலர்கள் தங்கள் வண்டிகளோடு இறங்கி, சிக்கிய மக்களை வெளியே கொண்டு வந்தார்கள். உணவும் மருந்தும் சுமந்தார்கள். சேற்றில் விளையாட்டாகப் பழகிய வித்தை உயிர் காக்கும் வித்தையாயிற்று.

2024 நவம்பர் 30-ந் தேதி இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரை ஏறியது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 சென்டி மீட்டர் மழை கொட்டியது. சாலை எது, ஓடை எது என்று தெரியாத நாள் அது. அத்தகைய நாளில், பயிற்சி பெற்ற ஓட்டுநர்களும் அவர்களுடைய வண்டிகளும் எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியல் தாசில்தார் மேஜையில் இருந்தால் எவ்வளவு உதவி! ஆர்வலர் சங்கங்கள் தாமே முன்வந்து பெயர் கொடுக்கலாம்.

அங்கும் எச்சரிக்கை வேண்டும். இரண்டடித் தண்ணீரில் இறங்கும் என்று கம்பெனி சொல்வது தேங்கிய தண்ணீருக்கு. இரண்டடி உயரம் வேகமாக ஓடும் வெள்ளம் பெரும்பாலான வண்டிகளைப் புரட்டிக் கொண்டு போய்விடும். முடியும், முடியாது என்று சரியாக எடை போடத் தெரிந்தவனால்தான் அங்கே உபகாரம். மற்றவனைக் காப்பாற்ற இன்னொரு வண்டி போக வேண்டியிருக்கும்.

அப்படி 51 சென்டி மீட்டர் கொட்டும் நாளில் ஊரைக் காப்பது எது? கோடையில் யாரும் சக்கரம் ஏற்றாமல் விட்ட அந்த ஏரிக்கரைதான்.

ஏரிக்கரையின் அடியில் நிற்கும் இளைஞரை நாம் அப்படியே விட்டுவிட்டு வந்தோம். அவர் யந்திரத்தை நிறுத்துகிறார். வண்டியை விட்டு இறங்குகிறார். காலால் நடந்து கரை ஏறி, மேலிருந்து ஏரியைப் பார்க்கிறார். தலைக்கு மேல் ஆள்காட்டி கத்துகிறது. கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, இறங்கி வந்து, வண்டியைத் திருப்பிப் பாதைக்குக் கொண்டு போகிறார்.

கார்த்திகையில் அவர் மறுபடியும் வரலாம். ஏரி நிரம்பி அலையடிக்கும். கரை அப்படியே இருக்கும்.